பட்டினி கிடந்த புட்டி

கோணப்புதூர்க்காரர்களைப் பற்றி நான் சொல்லப் போவதைப் பக்கத்து ஊர்க்காரனின் பொறாமை என்று நினைத்துவிட வேண்டாம். பொறாமைப்படும்படி அங்கே ஒன்றும் கிடையாது. ஆத்தூர்ப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்தால் எங்கள் ஊருக்கு முந்தின நிறுத்தம் அவர்களுடையது. தங்கமான மனிதர்கள். தண்ணீர் கேட்டால் மோர் கொடுப்பார்கள். சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அவர்களிடம் உள்ள ஒரே ஆபத்து அதுதான். என் மாமா ஒருமுறை அவர்கள் ஊர் டீக்கடை வாசலில், "வண்டியைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நாலு பேர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வந்து அதை ஓட்டிக்கொண்டு போனதையும் தெருமுனை திரும்பும்வரை பார்த்தார்கள்.

அந்த ஊரில் ரத்தினாயி அம்மாள் ஒரு ஜவ்வரிசி ஆலை நடத்துகிறார். மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவுப்பாலைத் தெளிய வைத்து, மாவை உருட்டி வறுத்தால் ஜவ்வரிசி. மிச்சம் வருகிற தண்ணீர் எங்கே போகிறது என்று பாயசம் குடிக்கிறவர்கள் யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்டதில்லை. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் தானே தெரிந்துவிடும். எங்கள் ஊரில் மூக்குப்பொடி வியாபாரம் படுத்துப்போனதற்கு அதுதான் காரணம் என்பார்கள்.

ரத்தினாயி அம்மாளைக் குறை சொல்ல மாட்டேன். புருஷன் போன பிறகு ஆலையைத் தனியாளாகத் தூக்கி நிறுத்தியவர். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு, கழுத்தில் கிடந்ததை விற்று, ஆலைக்குப் பின்னால் மூன்று குட்டை வெட்டினார். கழிவுத் தண்ணீர் முதல் குட்டையில் தங்கி, இரண்டாவதில் தெளிந்து, மூன்றாவதிலிருந்து வெளியேறுவதற்குள் குட்டைக் கிருமிகள் அதன் அழுக்கைத் தின்று தீர்த்துவிடும் என்று ஏற்பாடு. வாசனை நின்றதென்னவோ உண்மை.

ஆனாலும் ஜில்லா ஆபீசிலிருந்து சேதி வந்துவிட்டது. தண்ணீரைச் சோதிப்பார்கள். அழுக்கு வரம்பைத் தாண்டினால் ஆலைக்குச் சீல். அது கிழங்கு வெட்டும் மாதம். ஊர்க் கிழங்கு முழுவதும் ஆலை வாசலில் குவிந்துகொண்டிருந்தது. வெட்டிய கிழங்கு அதிக நாள் தாங்காது, கறுத்துப்போகும். ஆலையை மூடினால் ரத்தினாயி அம்மாளோடு சேர்ந்து ஊரே தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சோதிக்க வந்தவர் ஜெசிந்தா என்கிற கெமிஸ்ட். போன தடவை வேறொரு ஆலையின் தண்ணீரை ஜில்லா ஆபீசுக்குக் கொண்டுபோவதற்குள் வெயிலில் கெட்டுப்போய்ப் பெரிய தகராறாகிவிட்டதாம். அதனால் இந்த முறை சோதனையை ஆலையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஜெசிந்தா மேடம் வேனிலிருந்து ஃப்ரிட்ஜ் மாதிரி ஒரு பெட்டியை இறக்கி, எடைமேடைக்குப் பக்கத்து அறையில் வைத்தார். அதற்கு இன்குபேட்டர் என்று பெயர்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எல்லப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் குஞ்சு பொரிக்கிற இடத்தில் வேலை பார்த்தவன். ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று அவனும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இது எத்தனை நாளில் பொரியும் என்று அவன் கேட்டான். பொரிப்பதற்கு ஒன்றுமில்லை, ஆனால் மூன்று நாள் ஆகும் என்றார் மேடம். கோழிக்கு இருபத்தோரு நாள், இது நல்ல ஜாதிதான் போலிருக்கிறது என்று எல்லப்பன் மெச்சிக்கொண்டான்.

ஜெசிந்தா மேடம் பொறுமைசாலி. உட்கார வைத்து விளக்கினார். கண்ணாடிப் புட்டிகள் இரண்டு. ஒன்றில் மூன்றாம் குட்டையிலிருந்து வெளியேறும் ஆலைத் தண்ணீர். இன்னொன்றில் ஆபீஸ் குழாயில் பிடித்து வந்த நல்ல தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு கிருமியைச் சொட்டு விட்டிருக்கிறது. தண்ணீருக்குள் கரைந்த காற்று கொஞ்சம் உண்டு, அதைச் சுவாசித்துத்தான் கிருமிகள் பிழைக்கும். அழுக்கு இருந்தால் தின்னும், தின்னத் தின்ன மூச்சு வாங்கும், காற்று குறையும். இன்றைக்கு இருக்கும் காற்றை அளந்து குறித்தாகிவிட்டது. மூன்று நாள் கழித்து மறுபடி அளந்தால், எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு அழுக்கு. நல்ல தண்ணீர்ப் புட்டியில் தின்ன ஒன்றுமில்லாததால் காற்று அநேகமாக அப்படியே இருக்கும். அதில் குறைந்ததை ஆலைப் புட்டியில் குறைந்ததிலிருந்து கழித்தால் ஆலைத் தண்ணீரின் யோக்கியதை தெரிந்துவிடும்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆலைச் சமையல்காரன் தொப்பளான் மட்டும் 'தின்ன ஒன்றுமில்லை' என்ற இடத்தில் முகம் வாடிப்போனான். அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

மேடம் சோதிக்க வேண்டிய ஆலைகள் வேறு ஊர்களிலும் இருந்தன. பெட்டிக்குக் காவலாக மூன்று பேரைக் கேட்டார். ரத்தினாயி அம்மாள், ஊரிலேயே கெட்டிக்காரர்கள் என்று பெயரெடுத்த மூன்று பேரைக் கொடுத்தார். குட்டைகளுக்குப் பொறுப்பாளரான பொன்னுரங்கம், கோழிப்பண்ணை எல்லப்பன், மூட்டை தூக்குகிறவர்களுக்குச் சமைத்துப்போடும் தொப்பளான். கல்யாணக் காலத்தில் தொப்பளான் பந்தி பரிமாறவும் போவான்.

"வெளிச்சம் படக் கூடாது. இருபத்தேழு டிகிரி இருக்கணும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. புட்டிக்குள்ள காத்து போகக் கூடாது. முக்கியமா, உள்ள இருக்கறது உசிரோட இருக்கணும். செத்துட்டா சோதனையே வீண்," என்றார் மேடம்.

"எங்க வீட்டுக்கு விருந்தாளி வந்தா எப்படிப் பாத்துக்குவமோ அப்படிப் பாத்துக்கறமுங்க மேடம்," என்றார் பொன்னுரங்கம்.

மேடம் அதை ஒரு மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிட்டார். வெளியூர்க்காரர், பாவம்.

வேன் போனதும் பொன்னுரங்கம் முதல் காரியமாக, உள்ளே இருட்டாக இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்தார். வெளிச்சமாக இருந்தது. பதறிப்போய் மூடினார்.

"மூடினா இருட்டாயிருங்ண்ணா," என்றான் எல்லப்பன்.

"மூடினா இருட்டாயிருச்சுன்னு யாரு பாத்தா?"

அது நியாயமான கேள்வி. மறுபடி மூடி, இருட்டு சேருவதற்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்து, சடாரென்று திறந்து பார்த்தார்கள். எவ்வளவு வேகமாகத் திறந்தாலும் வெளிச்சம் இவர்களுக்கு முன்னால் உள்ளே போய் நின்றது. ஒருவேளை இருட்டு மிரளுகிறதோ என்று மெதுவாகவும் திறந்து பார்த்தார்கள். அப்படியும் அதே கதை.

கடைசியில், கோளாறு பெட்டியில் இல்லை, அறையில்தான் என்று முடிவாயிற்று. ஜன்னலைச் சாத்தி, கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு, ஓட்டு இடுக்கில் வைக்கோலைத் திணித்து, கதவிடுக்கில் தொப்பளானின் வேட்டியைச் செருகினார்கள். அப்புறம் பெட்டியைத் திறந்தார்கள்.

"இப்ப இருட்டா இருக்குதா?" என்றார் பொன்னுரங்கம்.

"தெரியலைங்ண்ணா. கண்ணுக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது."

"அப்ப டார்ச் அடிச்சுப் பாரு."

எல்லப்பன் டார்ச் அடித்தான். உள்ளே வெளிச்சம் ஜெகஜோதியாக இருந்தது. மூன்று பேரும் மனமொடிந்து போனார்கள். பிறகு பொன்னுரங்கம்தான் வழி கண்டுபிடித்தார். தொப்பளானின் தலையைப் பெட்டிக்குள் விட்டு, கதவைக் கழுத்துவரை நெருக்கி, மிச்ச இடுக்கைக் கம்பளியால் மூடினார்கள். உள்ளேயிருந்து தொப்பளானின் குரல் வந்தது. நல்ல இருட்டு என்றும், மூக்குக்கு முன்னால் இருக்கும் புட்டிகளே தெரியவில்லை என்றும் சாட்சி சொன்னான். எல்லோருக்கும் நிம்மதி. அதற்குப் பிறகு மணிக்கொரு தலை முறைவைத்து உள்ளே போய், இருட்டு இன்னும் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வந்தது.

தலை போகிற இடத்தில் சூடு ஏறாமல் இருக்குமா. சாயங்காலம் பெட்டிக்குள் தொங்கிய தெர்மாமீட்டர் முப்பதைக் காட்டியது. பொன்னுரங்கம் அதன் அடியைத் தொட்டுப் பார்த்து, ஜுரம்தான் என்றார். தெர்மாமீட்டரை வெளியே எடுத்து ஈரத்துணி சுற்றினார்கள். இருபத்தேழுக்கு இறங்கியது. உள்ளே வைத்ததும் மறுபடி ஏறியது. சீக்காளியை மறுபடி மறுபடி அந்தச் சூட்டுக்குள் அனுப்புவது பாவம் என்று, தெர்மாமீட்டரைத் தண்ணீர்ப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். குறைந்தால் ஒரு கரண்டி வெந்நீர், கூடினால் ஒரு கரண்டி பச்சைத் தண்ணீர் என்று தொப்பளான் பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தான். அந்தப் பானை கடைசிவரை இருபத்தேழு டிகிரியை விட்டு அசையவில்லை. பெட்டியைப் பற்றி எனக்குத் தெரியாது.

இதற்கு நடுவில் எல்லப்பன் வேளைக்கு ஒரு தடவை புட்டிகளைப் பக்குவமாகத் திருப்பி வைத்தான். திருப்பாவிட்டால் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு நொண்டியாகப் பிறக்கும் என்றான். அனுபவஸ்தன் சொல்லை யாரும் மறுக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் தொப்பளான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை. என்னவென்று பொன்னுரங்கம் கேட்டார்.

இந்த இடத்தில் கோணப்புதூர்ப் பந்தி வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பந்தியில் ஓரவஞ்சனை செய்தவன் வீடு விளங்காது என்பது எல்லா ஊரிலும் உள்ள பேச்சுதான். கோணப்புதூரில் அதைப் பேச்சாக விட்டுவைப்பதில்லை. ஒரே ஒரு இலைக்கு வடை விட்டுப்போனாலும் மொத்தப் பந்தியும் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஒரு கல்யாணத்தில் கடைசி இலைக்கு அப்பளம் வந்து சேருவதற்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீடு போய்த் திரும்பிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் பந்தி பரிமாறிப் பேரெடுத்தவன் தொப்பளான்.

"ரெண்டு புட்டியிலயும் ஒரே ஆளுங்கதானுங்கண்ணா?" என்றான் அவன்.

"ஆமாண்டா. ஒரே சொட்டுல வந்தவங்க. பங்காளிங்கன்னே வெச்சுக்க."

"ஒரு புட்டியில விருந்து நடக்குது. ஒட்டினாப்ல இருக்கற புட்டியில வெறுந்தண்ணி. ஒரே வீட்டுக்குள்ள இப்படிச் செய்யலாமுங்களா?"

எல்லப்பன் ஆறுதல் சொல்லப் பார்த்தான். உள்ளேதான் இருட்டாயிற்றே, பக்கத்து இலையில் என்ன விழுகிறதென்று இவர்களுக்கு எப்படித் தெரியும் என்றான். நாமே இருட்டு பண்ணிவிட்டு ஒருத்தனை மட்டும் பட்டினி போட்டால் அது இன்னும் மோசம் என்றான் தொப்பளான். அவன் கண் கலங்கியிருந்தது. பொய் அழுகை இல்லை. அவனுக்கு நெஞ்சு உண்மையாகவே வலித்தது.

பொன்னுரங்கமும் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"மேடம் என்ன சொன்னாங்க? உசிரோட இருக்கணும்னாங்க. மூணு நாள் சோறு காட்டாம வெச்சா எவன்டா உசிரோட இருப்பான்? நாளைக்குச் செத்துக் கெடந்தா முதலாளியம்மா ஆலையே போயிரும்," என்றார்.

அதோடு விவாதம் முடிந்தது. என்ன போடுவது என்பதுதான் பாக்கி. எல்லப்பன் முட்டைப் பொடிமாஸ் என்றான். அன்றைக்குக் கிருத்திகை. வந்தவர்கள் விரதமா, சைவமா, ஒன்றும் தெரியாது. எவருக்கும் தோஷமில்லாத பண்டம் பாயசம்தான் என்று தொப்பளான் தீர்ப்புச் சொன்னான். ஜவ்வரிசி ஆலையில் ஜவ்வரிசிக்கா பஞ்சம். வெல்லம் போட்டு, நெய்யில் முந்திரி வறுத்துக் கொட்டி, கல்யாணப் பக்குவத்தில் இறக்கினான். ஆலைத் தண்ணீர்ப் புட்டிக்கும் ஒரு வாய் போடலாமா என்று எல்லப்பன் கேட்டதற்கு, அவர்கள் இலையில் இன்னும் சோறு இருக்கிறது, தின்று முடிக்காமல் மேலே மேலே கொட்டினால் மரியாதை இல்லை என்று பொன்னுரங்கம் தடுத்துவிட்டார்.

புட்டிக்குள் காற்று போகக் கூடாது என்ற உத்தரவு இருக்கிறதே. காற்று எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததில், அந்த அறையில் காற்று விடுகிறவர்கள் தாங்கள் மூன்று பேர்தான் என்று தெரிந்தது. ஆகவே மூவரும் மூச்சை நன்றாக இழுத்து, வாயை இறுக மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லப்பன் மூடியைத் திறந்தான். தொப்பளான் ஒரு ஸ்பூன் பாயசத்தை விட்டான். விளிம்புவரை நிரம்பிய புட்டி. பாயசம் உள்ளே போன அளவுக்குத் தண்ணீர் வெளியே வழிந்து தரையில் கொட்டியது.

பொன்னுரங்கம் துடித்துப்போனார். கொட்டியது தண்ணீர் மட்டுமா, அதில் ஆட்கள் அல்லவா இருக்கிறார்கள். வாய் திறக்க வழியில்லாமல் கையாலும் கண்ணாலும் ஜாடை காட்டினார். எல்லப்பன் தரையைத் துண்டால் ஒற்றி எடுத்து, ஒருவரையும் விட்டுவிடாமல் புட்டிக்குள் பிழிந்துவிட்டான். மூடியைப் போட்டு, பெட்டியைச் சாத்தி, மூன்று பேரும் வெளியே ஓடி வந்து கிழங்குக் குவியல்மேல் விழுந்து மூச்சு வாங்கினார்கள். அதற்குள் பொன்னுரங்கத்தின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது.

அன்றைக்குத்தான் தொப்பளான் வயிறாரச் சாப்பிட்டான். ராத்திரிக்கும் மறுநாள் காலைக்கும்கூட வேளை தவறாமல் பரிமாறினார்கள்.

குறித்த நாள் வந்தது. ரத்தினாயி அம்மாள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி வாசலில் நின்றார். சுற்றிலும் கிழங்கு போட்ட ஜனம். ஜெசிந்தா மேடத்தோடு சீல் வைக்கிற ஆபீசரும் ஜீப்பில் வந்து இறங்கினார். பூட்டு, துணி, அரக்கு எல்லாம் கையோடு இருந்தன. நேரம் மிச்சமாகட்டும் என்று வந்ததுமே அரக்கை உருக்கப் போட்டுவிட்டார்.

மேடம் ஆலைத் தண்ணீர்ப் புட்டியில் கருவியை விட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. காற்று கொஞ்சம்தான் குறைந்திருந்தது. குட்டைகள் வேலை செய்திருக்கின்றன, தண்ணீர் வரம்புக்கு நன்றாகவே உள்ளே இருக்கும்போலத் தெரிகிறது என்றார். ரத்தினாயி அம்மாளுக்கு அன்றைக்குத்தான் மூச்சு வந்தது. நகை போனால் போகட்டும் என்று வாய்விட்டே சொன்னார்.

பிறகு மேடம் கழிப்பதற்காக நல்ல தண்ணீர்ப் புட்டியில் கருவியை விட்டார். கருவி பூஜ்யத்தைக் காட்டியது. உதறிவிட்டு மறுபடி பார்த்தார். பூஜ்யம்தான். மருந்துக்குக்கூடக் காற்று மிச்சமில்லை. கழித்துப் பார்த்தால் ஆலைக் கழிவு, நல்ல தண்ணீரைவிட நல்ல தண்ணீர் என்று கணக்கு வந்தது. மேடம் புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் ஜவ்வரிசி முத்து முத்தாக ஊறிக் கிடந்தது.

"இதுக்குள்ள முந்திரி எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். குரலில் தெம்பே இல்லை.

தொப்பளான் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"மன்னிச்சுக்கங்க மேடம். வேளைக்கு ஒண்ணாச்சும் போடணும்னு ஆசைதான். புட்டி சின்னது, ஒண்ணுக்கு மேல எறங்கலைங்க."

மேடம் ஆபீசரிடம் விளக்கினார். ஒப்பிட வைத்த தண்ணீர் கெட்டுப்போனதால் சோதனை செல்லாது. புதிதாக வைக்க வேண்டும். இவர்கள் கை வைக்காமல் இருந்திருந்தால் ஆலை இன்றைக்கே கௌரவமாகத் தேறியிருக்கும்.

ரத்தினாயி அம்மாள் பொன்னுரங்கத்தைப் பார்த்த பார்வையில் குட்டைத் தண்ணீரே கொதித்திருக்கும். பிறகு ஆபீசரிடம், கிழங்கு கறுத்துப்போகும், இன்னொரு சோதனை முடியும்வரை ஆலையை மூட வேண்டாம் என்று கெஞ்சினார். ஆபீசர் அரக்கைக் கிளறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். செல்லாது என்ற வார்த்தை தனக்கு வந்த உத்தரவில் இல்லை, தேறியது அல்லது தோற்றது, இரண்டுதான் உண்டு என்றார்.

"தோத்த தண்ணி எந்த வாயிலருந்து வருதோ அந்த வாய்க்குச் சீல் வெக்கணும். எனக்குச் சொன்னது அவ்வளவுதான். எது தோத்துச்சு?"

"சார், அது சும்மா ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு வெச்ச நல்ல தண்ணி."

"தோத்துச்சா, இல்லையா?"

"தோத்துச்சு. ஆனா, அது வந்து..."

"எங்க புடிச்சீங்க?"

மேடம் புட்டியில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார்.

"நம்ம ஆபீஸ் குழாயில சார்."

ஆபீசர் அரக்குச் சட்டியை அணையாமல் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலத்துக்குள் ஜில்லா ஆபீஸ் குழாய்க்குத் துணி சுற்றி, பூட்டுப் போட்டு, சீல் வைத்தாகிவிட்டது. அவருடைய அம்மா பிறந்த ஊர் கோணப்புதூர் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

ஆலை ஓடியது. கிழங்கு கறுக்கவில்லை. ரத்தினாயி அம்மாள் ஒரு பாட்டம் அழுது, ஒரு பாட்டம் சிரித்தார். இத்தனை பாடுபட்டு மூன்று குட்டை வெட்டியும் தன்னைக் காப்பாற்றியது ஒரு முந்திரிப்பருப்புதானா என்று அவருக்கு ஆற்றாமை. தனக்கு நேர்வழியில் ஒரு சான்றிதழ் வேண்டும், மறுபடி சோதியுங்கள் என்று மேடத்திடம் பிடிவாதமாகச் சொன்னார். மேடத்துக்கும் அதே பிடிவாதம்தான்.

ஆனால் ஒப்பிட நல்ல தண்ணீருக்கு எங்கே போவது. குழாய்க்குச் சீல். சீல் வைத்த தண்ணீருக்குப் பதிலாகச் சோதனையில் தேறிய தண்ணீரைத்தான் பயன்படுத்த வேண்டும், அதுதான் விதி என்று ஆபீஸில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஜில்லா முழுவதும் தேடியதில், அப்போதைக்கு அவர்கள் கணக்கில் தேறியிருந்தது ஒரே ஒரு தண்ணீர்தான். ரத்தினாயி அம்மாளின் மூன்றாம் குட்டைத் தண்ணீர்.

மேடம் எவ்வளவோ வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. ஒரு புட்டியில் மூன்றாம் குட்டைத் தண்ணீரை நிரப்பினார். ஒப்பிடுவதற்காக இன்னொரு புட்டியிலும் மூன்றாம் குட்டைத் தண்ணீரை நிரப்பினார். இரண்டையும் பெட்டிக்குள் வைத்தார். காவலுக்கு அதே மூன்று பேர் கைகட்டி நின்றார்கள். இந்த முறை அவர் இருட்டு, சூடு, காற்று எதைப் பற்றியும் பேசவில்லை.

"என்னமோ செய்யுங்க. எது செஞ்சாலும் ரெண்டுக்கும் ஒரே மாதிரி செய்யுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

தொப்பளானுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. படித்தவர்கள் கடைசியில் பந்தி தர்மத்துக்கு வந்துவிட்டார்கள். அன்றைக்கு அவன் கூடை நிறையப் பாயசச் சாமான் ஏற்பாடு செய்தான். வேளைக்கு ஒரு ஸ்பூன், இடது புட்டிக்கு எவ்வளவோ வலது புட்டிக்கும் அவ்வளவு, சொட்டுப் பிசகவில்லை. கடைசி வேளைக்கு முந்திரி ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதைப் பல்லால் கடித்து இரண்டாக்கிப் போட்டான்.

மேடம் வந்து அளந்தார். இரண்டு புட்டியிலும் காற்று துளிகூட இல்லை. இதில் குறைந்ததிலிருந்து அதில் குறைந்ததைக் கழித்தார். பூஜ்யம். ஜில்லாவில் இதுவரை யாரும் எடுக்காத எண். ஆபீஸில் பாராட்டி, சான்றிதழில் பூஜ்யத்தைச் சிவப்பு மையில் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். ரத்தினாயி அம்மாள் அதைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். எப்படிப் பிடித்தாலும் பூஜ்யம்தான். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முந்திரியில் இடது புட்டிக்குப் போன பாதி பெரிசு என்று எல்லப்பன் மட்டும் கொஞ்ச நாள் புகைந்துகொண்டிருந்தான். தொப்பளான் அசரவில்லை. இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் பூஜ்யம் என்று அரசாங்கமே கருவி வைத்துப் பார்த்து முத்திரை குத்தியிருக்கிறதே என்றான். சான்றிதழுக்கு ஒரு நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சாம்பார் வாளியில் கட்டிக்கொண்டான். இப்போதெல்லாம் கல்யாணப் பந்தியில் யாராவது தன் இலைக்கு வடை வரவில்லை என்று முனகினால், தொப்பளான் வாளியை இறக்கி வைத்து அந்தச் சான்றிதழை எடுத்துக் காட்டுகிறான். மொத்தப் பந்தியும் அதை வாங்கிப் படித்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுச் சாப்பிடுகிறது. போன வைகாசியில் எனக்கும் காட்டினான். வடை கடைசிவரை வரவில்லை.